கூரை பறந்த நேரம் எட்டு நாற்பது

பாயூ செரீஸ், லூசியானா
செப்டம்பர் 14

அன்புள்ள நோயமி அக்காவுக்கு,

தங்கை வெர்லி எழுதுவது. முதல் செய்தி, நானும் என் வீட்டுக்காரர் ஓவீட்டும் உயிரோடு, பசியோடு, வழக்கம்போல் சண்டை போட்டுக்கொண்டு நலமாக இருக்கிறோம். மடத்துச் சுவருக்குள் வெளிச்செய்தி எதுவும் வராது என்று எழுதுவாய். ஆனாலும் இங்கே புயல் என்றால் யாராவது உன் காதில் போட்டிருப்பார்கள். நீயும் இத்தனை நாள் எங்களுக்காக முழங்காலில் நின்றிருப்பாய். எழுந்து நாற்காலியில் உட்கார்ந்துகொள் அக்கா, இது நீளமான கடிதம்.

புயல் சனிக்கிழமை காலையில் கரையைத் தொட்டது. முதல் நாளே வண்டியைக் கிளப்பி, ஹூஸ்டனில் ஓவீட்டின் தம்பி வீட்டுக்குப் போய்விட்டோம். தம்பி மனைவி நல்லவள்தான்; காபி என்ற பெயரில் வெந்நீர் கொடுக்கிறாள். ஆறாம் நாள் சாலை திறந்ததும் ஊர் திரும்பினோம்.

வீடு நிற்கிறது. கூரைதான் இல்லை. டப்பா மூடியைத் திறந்ததுபோல் தகரம் அத்தனையும் கழன்று கரும்பு வயலில் சிதறிக் கிடக்கிறது. முன்னறையில் நின்று அண்ணாந்தால் ஆகாயம். என் அழகு நிலையத்தின் கண்ணாடிச் சுவர் போய்விட்டது. தலை உலர்த்தும் நாற்காலி ஒன்று வயல் நடுவில் நேராக நிற்கிறது. அதன் தொப்பிக்கு அடியில் ஒரு கொக்கு, முறைக்குக் காத்திருப்பதுபோல் நின்றது. ஓவீட் பார்த்துவிட்டு, "வெர்லி, மொத வாடிக்கை வந்தாச்சு, போய்க் கவனி" என்றார். நடுரோட்டில் நின்று இருவரும் சிரித்த சிரிப்பில், பாலத்தைச் சரிசெய்துகொண்டிருந்த ஆட்கள் எங்களுக்குப் புத்தி பிசகிவிட்டது என்றே நினைத்திருப்பார்கள்.

தண்ணீரும் வந்திருக்கிறது. தரைக்கு மேல் முழங்கால் உயரத்தில் சுவரைச் சுற்றி ஒரு சேற்றுக்கோடு. அந்தக் கோட்டுக்கு மேலே உள்ளதெல்லாம் மழையில் ஊறியது. வீடும் தூண்களின் மேல் ஒரு சாண் நகர்ந்திருக்கிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். காற்றுச் சேதத்துக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறது. வெள்ளத்துக்கென்று தனியாக இருந்ததை மூன்று வருடத்துக்கு முன் ஓவீட் விட்டுவிட்டார், நம் வீட்டுக்குள் தண்ணீர் வந்ததே இல்லை என்று. அதைப் பற்றி இப்போது நான் பேசுவதில்லை; அதாவது ஒரு நாளைக்கு ஒரு தடவைக்கு மேல் பேசுவதில்லை.

வந்த அன்றே அவர் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குப் போன் போட்டார். என்ன நடந்தது என்று எதிர்முனைப் பெண் கேட்டதற்கு, "என்னம்மா சொல்றது, வீடே முங்கிப் போச்சு, எங்க பாத்தாலும் தண்ணி" என்றார் அழாத குறையாக. அவள் அதை அப்படியே எழுதிக்கொண்டாள். மதிப்பீட்டாளர் வர இரண்டு வாரம் ஆகுமாம். அதற்குள் ஊறிய மெத்தை, கம்பளம் எல்லாவற்றையும் சாலையோரம் எறிந்துவிட வேண்டும் என்று ஓவீட் துடிக்கிறார். தான் ஓட்டுகிற பள்ளிப் பேருந்தைத் தினமும் இரண்டு தடவை துடைக்கிற மனிதர் இல்லையா. "வர்ற மனுசன் முன்னாடி வீடு மானமா இருக்க வேண்டாமா?" என்கிறார்.

நேற்று ஒருவன் புது டிரக்கில் வந்தான். ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் போதுமாம். கம்பெனியோடு பேசுவது முதல் கூரை போடுவது வரை எல்லாம் அவனே பார்த்துக்கொள்வானாம். ஓவீட் பேனாவைத் திறந்துவிட்டார். அதைப் பிடுங்கி வைத்துக்கொண்டேன். அந்தப் பேனாவால்தான் இதை எழுதுகிறேன்.

மடத்துக்குப் போவதற்கு முன் நீ லஃபாயெட்டில் ஒன்பது வருடம் இன்ஷூரன்ஸ் கம்பெனி வேலையைத்தானே பார்த்தாய். யாருக்குக் கொடுக்கலாம், யாருக்கு இல்லை என்று முடிவு செய்கிற மேசை உன்னுடையது. அந்த மேசையின் அந்தப் பக்கத்திலிருந்து கொஞ்சம் எட்டிப் பார்த்து எங்களுக்கு வழி சொல். மடத்துத் தலைவி அம்மா சம்மதிக்காவிட்டால், வீடில்லாதவருக்கு வீடு கொடுப்பதும் வேதத்தில் சொன்னதுதான் என்று நான் சொன்னதாகச் சொல்.

தேனீக்கள் எப்படி இருக்கின்றன? முழங்கால் வலி குறைந்ததா?

இப்படிக்கு,
இப்போதைக்கு வானத்தின் கீழ் குடியிருக்கும்
உன் வெர்லி


அக்டோபர் 23

என் அருமை அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முதல் பத்தி முழுக்க ஆண்டவரின் இரக்கம், மீதி ஐந்து பக்கமும் இன்ஷூரன்ஸ். அந்த ஐந்து பக்கத்தில்தான் எனக்கு உன் குரலே கேட்டது.

சொன்னபடி செய்தோம். அரசாங்கம் கொடுத்த டிரெய்லர் வீட்டில் குடியிருந்துகொண்டு, ஒரு பொருளையும் எறியாமல் ஒவ்வொன்றையும் படம் எடுத்தோம். கம்பளத்தில் ஒரு சதுரம் வெட்டிப் பையில் போட்டு வைத்தோம். நீலத் தார்ப்பாய் வாங்கிக் கூரை இருந்த இடத்தில் கட்டினோம். கட்டாமல் விட்டால் பிறகு பெய்கிற மழைக்கு நாமே பொறுப்பு என்று சொல்லிவிடுவார்கள் என எழுதியிருந்தாயே, அதனால் ஓவீட் தார்ப்பாய் ரசீதைச் செபப் புத்தகத்துக்குள் வைத்துப் பாதுகாக்கிறார். டிரக்குக்காரன் மறுபடி வந்தான். கடிதத்தில் நீ அவனைப் பற்றி எழுதியிருந்ததை நான் சத்தமாகப் படித்ததும் போய்விட்டான்.

யார் போன் செய்தாலும் பெயரையும் நேரத்தையும் குறித்துவை என்றாய் இல்லையா, ஓவீட்டின் நோட்டைப் பார்த்தால் சிரிப்பாய். "காலை 10.15. டானா என்ற பெண். நல்ல சளி. வெள்ளிக்கிழமை சொல்வதாகச் சொன்னாள்." "வெள்ளி. சொல்லவில்லை." இப்படியே பதினோரு பக்கம்.

இழந்த பொருட்களின் பட்டியலில் ஒரு டெலிவிஷனைச் சேர்த்திருந்தார். அது இரண்டு வருடத்துக்கு முன்பே செத்தது. ஒரு பொய் வரி இருந்தால் மீதி மெய் வரிகளையும் யாரும் நம்ப மாட்டார்கள் என்ற உன் வாக்கியத்தைப் படித்துக் காட்டினேன். அடித்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்: "உங்கக்கா மடத்துக்குப் போயும் நம்மள நிம்மதியா இருக்க விடலியே."

இவ்வளவும் செய்தும் கம்பெனி மறுத்துவிட்டது அக்கா.

வந்த மதிப்பீட்டாளர் வீட்டில் இருந்தது இருபது நிமிடம். சேற்றுக்கோட்டை அளந்தார். வீடு நகர்ந்ததைப் பார்த்தார். பத்து நாளில் கடிதம் வந்தது: வெள்ளம் வீட்டைத் தள்ளியிருக்கிறது, அதனால் சுவர் ஆட்டம் கண்டு கூரை விழுந்திருக்கிறது, வெள்ளச் சேதத்துக்கு இந்தப் பாலிசியில் இடமில்லை. அதன் கீழே இன்னொரு வரி: வீடு மூழ்கிவிட்டதாக வீட்டுக்காரரே தொலைபேசியில் தெரிவித்திருக்கிறார்.

அந்த வரியைப் படித்த பிறகு ஓவீட் மூன்று நாள் அந்த நோட்டைத் திறக்கவே இல்லை. நாலாம் நாள் ஹூஸ்டனிலிருந்து தம்பி கூப்பிட்டார். அங்கே பேருந்துப் பணிமனையில் ஆள் எடுக்கிறார்களாம். "போயிடலாம் வெர்லி. என் வாயால கெட்டது, இனிமே இங்க என்ன இருக்கு" என்றார் ஓவீட். முப்பது வருடம் இந்த ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் ஏற்றி இறக்கிய மனிதர் அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் டிரெய்லர் படிக்கட்டில் வைத்து மிஸ் ஓராவுக்குத் தலைமுடி சுருட்டிக்கொண்டிருந்தேன். ஹூஸ்டன் போகிறோம் என்று சொன்னதும் அவள், "ஏன்டி, அந்த வீடியோவக் காட்டியும் காசு குடுக்கலியா?" என்று கேட்டாள். எந்த வீடியோ என்றேன். சுருள் கம்பிகளோடு திரும்பி என்னைப் பார்த்தாள். "உங்க கூரை பறந்ததுதான். ஊரே பாத்தாச்சே. உங்களுக்குக் காட்டலியா?" பிறகு அவளுக்கே காரணம் புரிந்துவிட்டது. "ஓ. அது கிளெபேர் எடுத்ததாச்சே" என்றாள்.

இதுவரை உனக்கு எழுதாத ஒன்றை இப்போது எழுத வேண்டியிருக்கிறது. கிளெபேரோடு உன் கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது நீ மடத்துக்குப் போனாய். உன்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் விட்டவள் நான். கிளெபேர் தார்தார் அன்றிலிருந்து நம் வீட்டாரோடு பேசியதில்லை. உன் மேல் கோபப்பட அவருக்கு மனம் வரவில்லை போல, எல்லாவற்றையும் என் மேல் போட்டுவிட்டார். அவரைக் கோயிலில் வலப்பக்கம் பார்த்தால் நாங்கள் இடப்பக்கம் உட்காருவோம். உனக்கு எழுத வேண்டாம் என்று அம்மா சொல்லியிருந்தாள். அவள் போன பிறகும் எழுதாமலே பழகிவிட்டது. பத்தொன்பது வருடம். நடுவில் அவர் நெட்டியைக் கட்டிக்கொண்டார். ஓடைக்கு அக்கரையில் நம் வீட்டுக்கு நேர் எதிரேதான் குடியிருக்கிறார்கள்.

ஓவீட் வரமாட்டேன் என்றுவிட்டார். "மழையில நனைஞ்சாலும் நனைவேன், அவன்கிட்டப் போய் நிக்க மாட்டேன்." சரி நனையுங்கள் என்று சொல்லிவிட்டு, ஒரு பானை இறால் கம்போ குழம்பை எடுத்துக்கொண்டு நானே பாலத்தைத் தாண்டிப் போனேன்.

கிளெபேர் படகு மேல் வலை தைத்துக்கொண்டிருந்தார். அத்தான் என்று கூப்பிட்டுப் பழகிய வாய்க்கு வேறு சொல் வரவில்லை. ஒன்றும் சொல்லிக் கூப்பிடாமல், வீடியோ ஒன்று இருக்கிறதாமே என்று மட்டும் கேட்டேன்.

"வீடியோவா? என்ன வீடியோ?" என்றார், வலையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

படகின் உள்ளேயிருந்து நெட்டியின் குரல் வந்தது. "அவங்க கூரை பறந்துச்சே, அதான்யா. நாப்பது தடவ பாத்தியே, அதுக்குள்ள மறந்துடுச்சா?"

அவருடைய காது சிவந்ததைப் பார்த்தேன். நெட்டி போனோடு வெளியே வந்தாள். "சிரிச்சது தப்புதான் வெர்லி. ஆனா நீயே பாரு, சிரிப்பு வருதா இல்லியான்னு."

புயலன்று அவர்கள் ஊரைவிட்டுப் போகவில்லையாம். படகை நாலு பக்கமும் கயிற்றால் கட்டிவிட்டு அதிலேயே இருந்திருக்கிறார்கள். படத்தில் நம் வீடு தெரிகிறது. ஒரு மூலைத் தகரம் கோழி இறக்கையை உதறுவதுபோல் இரண்டு தடவை உதறுகிறது, பிறகு முழுக் கூரையும் ஒரே வீச்சில் எழும்பிப் போகிறது. நெட்டி விழுந்து விழுந்து சிரிக்கிறாள். கிளெபேரின் குரல்: "போகுது பாரு, போகுது பாரு, மகராசி வீட்டுத் தகரம் போகுது." திடீரென்று அந்தச் சிரிப்பு பாதியில் நிற்கிறது. "ஏய் நெட்டி, வாசல்ல வண்டி நிக்குதா பாரு. உள்ள ஆளு இருக்கா பாரு." வண்டி இல்லை, போய்விட்டார்கள் என்கிறாள் அவள். அவர் மூச்சை விடுகிற சத்தம் காற்றுச் சத்தத்தையும் மீறிக் கேட்கிறது.

நான் சிரித்தேன் அக்கா. அழுதேன் என்றும் சொல்லலாம். பிறகுதான் பார்க்க வேண்டியதைப் பார்த்தேன். நம் படித்துறையின் கடைசிப் படி தண்ணீருக்கு மேலே தெளிவாகத் தெரிகிறது. ஓடை இன்னும் கரைக்குள்தான் ஓடுகிறது. போனில் பதிவான நேரம், காலை எட்டு நாற்பது.

"அனுப்பி விடு நெட்டி" என்றார் கிளெபேர். கம்போ பானையையும் வாங்கி உள்ளே வைத்தார்.

இதைக் கம்பெனியிடம் எப்படிக் கொடுக்க வேண்டும், யாரிடம் கொடுக்க வேண்டும்? அறுபது நாளுக்குள் மறுபரிசீலனை கேட்க வேண்டுமென்று அவர்கள் கடிதத்தில் இருக்கிறது. சீக்கிரம் எழுது. ஓவீட்டுக்காகத் தனியாக ஒரு செபம் சொல்.

உன் பதிலுக்காகத் தபால் பெட்டியடியில் நிற்கும்,
வெர்லி


ஜனவரி 7

பாசமிக்க அக்காவுக்கு,

கூரை வந்துவிட்டது. முதலில் அதை எழுதிவிட்டேன். இனி நிதானமாகச் சொல்லலாம்.

உன் இரண்டாம் கடிதத்தில் இருந்த மூன்று காரியங்களையும் வரிசையாகச் செய்தோம். முதலாவது, ஓவீட்டின் கைப்பட ஒரு கடிதம். புயலன்று நான் ஊரில் இல்லை, ஐந்து நாள் கழித்து வந்து பார்த்துத்தான் போன் செய்தேன், எந்தத் தண்ணீர் எப்போது வந்தது என்று எனக்குத் தெரியாது, தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்லிவிட்டேன் என்று எழுதினார். நாலு தாள் கிழித்த பிறகு ஐந்தாவதில் சரியாக வந்தது. தெரியாது என்று எழுதுவது அவருக்கு அவ்வளவு கஷ்டம். இரண்டாவது, நீரேற்று நிலையத்தில் பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் நீர்மட்டம் குறித்து வைக்கிற பதிவேடு. அங்கே இருப்பவர் ஓவீட் பேருந்தில் ஏறிப் படித்தவர்தான். கேட்டதும் முத்திரையோடு நகல் கொடுத்தார். தண்ணீர் சாலையைத் தாண்டியது பகல் பன்னிரண்டு பத்துக்கு, கூரை போய் மூன்றரை மணி நேரம் கழித்து.

மூன்றாவதை நீ எப்படி யோசித்தாய் என்று, நாங்கள் கூட்டிவந்த தச்சரே கேட்டார். சுவர் மேல் மிச்சமிருக்கிற ஆணிகள் எந்தப் பக்கம் வளைந்திருக்கின்றன என்று பார்க்கச் சொன்னாயே. அவர் ஏணியில் ஏறிப் பார்த்தார். எல்லாம் மேல்நோக்கிப் பிடுங்கியபடி நின்றன. விழுந்த கூரையென்றால் பக்கவாட்டில் மடங்கியிருக்குமாம். படம் எடுத்து, கையெழுத்திட்டுக் கொடுத்தார். "மடத்துல இருக்குற அம்மாவா சொன்னாங்க? எங்கிட்ட வேலைக்கு வர்றாங்களான்னு கேளுங்க" என்றார்.

வீடியோவோடு சேர்த்து எல்லாவற்றையும் பதிவுத் தபாலில் அனுப்பி, வேறொரு மதிப்பீட்டாளர் வந்து மறுபடி பார்க்க வேண்டும் என்று கேட்டோம். திருமதி ப்ரூயிட் என்று ஒரு பெண்மணி வந்தார். முழங்கால் வரை பூட்ஸ், ஏணியைச் சொந்தமாகக் கொண்டுவந்திருந்தார். ஒரு காலைப்பொழுது முழுக்க ஏறி இறங்கி அளந்தார். வீடியோ எடுத்த போனையே பார்க்க வேண்டும் என்றார். அதற்காகக் கிளெபேரும் நெட்டியும் டிரெய்லருக்கு வந்தார்கள்.

ஓவீட்டும் கிளெபேரும் நேருக்கு நேர் நின்றதை நீ பார்த்திருக்க வேண்டும். சின்னச் சமையலறை, ஐந்து பேர், ஒதுங்க இடமே இல்லை. ஓவீட் தொண்டையைச் செருமிக்கொண்டு, "காபி குடிக்கிறியா?" என்றார். "கெட்டியா இருக்குமா?" என்றார் கிளெபேர். "ஹூஸ்டன் காபி இல்ல." "அப்பக் குடு." பத்தொன்பது வருடப் பகை இவ்வளவில் முடிந்தது.

திருமதி ப்ரூயிட் முதல் தடவை முகம் அசையாமல் வீடியோவைப் பார்த்தார். இரண்டாம் தடவை நேரத்தையும் படித்துறையையும் குறித்துக்கொண்டார். நெட்டி சிரிக்கும் இடத்தில் உதட்டைக் கடித்தார். மூன்றாம் தடவை போடச் சொல்லி, "இது வேலைக்காக இல்லை" என்றார். அதற்குப் பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. ஓவீட் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். கிளெபேர் எடுத்தது என்று அதுவரை பார்க்க மறுத்தவர், தன் கூரை பறப்பதை அன்றுதான் முதல் தடவையாகப் பார்க்கிறார்.

சேற்றுக்கோட்டுக்குக் கீழே இருப்பதற்கு ஏதாவது கேட்கிறீர்களா என்று திருமதி ப்ரூயிட் போகும்போது கேட்டார். எனக்குப் பயம்தான், இருந்தாலும் நீ எழுதியதையே சொன்னேன்: கோட்டுக்குக் கீழே தண்ணீர் கெடுத்தது, அதை நாங்கள் கேட்கவில்லை, மேலே இருப்பது காற்றும் மழையும் கெடுத்தது, அதை விடவும் மாட்டோம். அவர் பேனாவை மூடிவிட்டு, இந்த மாதத்தில் முப்பது வீடு பார்த்துவிட்டேன், இப்படி யாரும் சொல்லவில்லை என்றார்.

டிசம்பர் முதல் வாரத்தில் கடிதம் வந்தது. கூரை, உட்கூரை, கோட்டுக்கு மேலே உள்ள சுவர், என் கடையின் கண்ணாடி, இரண்டு உலர்த்தும் நாற்காலி எல்லாவற்றுக்கும் ஒப்புக்கொண்டார்கள். புயலென்றால் நம் பங்கு என்று ஒன்றைக் கழித்துக்கொள்வார்கள் என்று நீ முன்பே சொல்லியிருந்ததால் அதிர்ச்சியில்லை. ஓவீட் கடிதத்தை நின்றபடி படித்தார், உட்கார்ந்து படித்தார், பிறகு தம்பிக்குப் போன் செய்து பணிமனை வேலையை வேறு யாருக்காவது கொடுக்கச் சொன்னார். வெள்ளத்துக்கான பாலிசியையும் அன்றே மறுபடி எடுத்துவிட்டார். நான் ஒரு வார்த்தை பேசவில்லை.

தரைக்குத்தான் யாரும் கொடுக்க மாட்டார்கள். அதனால் பலகை வாங்கி அவரே போடத் தொடங்கினார். இரண்டாம் நாள் காலையில் கிளெபேர் ரம்பத்தோடு வந்து நின்றார். "நீ போடுற தரையில பள்ளிக்கூட பஸ்தான் ஓட்டலாம். நகரு" என்றார். இருவரும் நாள் முழுக்கத் திட்டிக்கொள்கிறார்கள், மத்தியானம் என் கையால் சாப்பிடுகிறார்கள். போன சனிக்கிழமை கடையைத் திறந்தேன். பதினாலு பெண்கள் வந்தார்கள். மிஸ் ஓராவுக்குத்தான் முதல் நாற்காலி. மூன்று ராஜாக்கள் திருநாளுக்குச் சுடுகிற ராஜா கேக்கை நெட்டி கொண்டுவந்தாள். முடி வெட்டிக்கொண்டே எல்லோரும் தின்றோம், கேக்கில் கொஞ்சம் முடியும் விழுந்தது, யாரும் கண்டுகொள்ளவில்லை.

இன்னும் ஒன்று. அதற்காகத்தான் இந்தக் கடிதத்தை நேற்றிலிருந்து முடிக்காமல் வைத்திருக்கிறேன்.

நேற்று கடைசிப் பலகைக்கு ஆணி தீர்ந்துபோய் ஓவீட் கடைக்குப் போயிருந்த நேரத்தில் கிளெபேர் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "நோயமி நல்லா இருக்காளா?"

நல்லாத்தான் இருக்கிறாள், தேனீ வளர்க்கிறாள், முழங்காலில்தான் கொஞ்சம் வலி என்றேன்.

"தேனீயப் பத்திக் கேக்கல வெர்லி. அவளப் பத்திக் கேட்டேன். அங்க போனது அவளுக்குச் சந்தோசமா இருக்கா?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. நெட்டியும் அங்கேதான் இருந்தாள். அவளும் பதிலுக்குக் காத்திருந்தாள்.

சந்தோஷம்தான் என்றேன். "நீ கேட்டியா?" என்றார்.

இருநூறு கடிதமாவது உனக்கு எழுதியிருப்பேன் அக்கா. தோட்டத்தைக் கேட்டிருக்கிறேன், குளிரைக் கேட்டிருக்கிறேன், கம்பளிக் காலுறை போதுமா என்று கேட்டிருக்கிறேன். இதை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

அதனால் அவருக்கு ஒரு சின்னக் கடிதம் எழுது. ஒரு வரி போதும் என்றார். மடத்துத் தலைவி அம்மா அனுமதித்தால் எனக்கு எழுதுகிற உறைக்குள்ளேயே வைத்து அனுப்பு, நான் பாலத்தைத் தாண்டிக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். அந்தத் தாளை மடித்து மட்டும் வை அக்கா. ஒட்டிவிடாதே.

ஆண்டவர் உன்னை நன்றாக வைத்திருக்கட்டும்.

உன்
வெர்லி